பெயர் திருத்த வேண்டிய வீடு

திருத்தணி
9.2.2025

அன்பு மச்சான் தேசப்பனுக்கு,

உன் பாவா கண்ணையன் எழுதுவது. நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. நான் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை.

நான் சுகம். குந்தக்கல்லில் நீ, உன் மகள், பேத்தி யுவஸ்ரீ எல்லோரும் சுகம்தானே? உன் முழங்கால் ஆபரேஷன் புண் ஆறியதா?

நகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்பு. சுதா டீச்சர் நடத்துகிறார். பதினாறு பேர் சேர்ந்தோம். பதினைந்து பேர் பெண்கள். நான் உள்ளே போனாலே "தாத்தா, வூட்டுப்பாடம் எழுதிகினு வந்தியா?" என்று கிண்டல் செய்வார்கள். எழுபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதினேன். பாஸ்.

ஏன் சேர்ந்தேன் என்றால் உன்னால்தான். உனக்குக் காது மந்தமானதில் இருந்து நம் போன் பேச்சு பேச்சாகவே இல்லை. நான் சாப்பிட்டாயா என்று கேட்டால், இங்கே மழை இல்லை என்கிறாய். உன் அக்கா ரஞ்சிதம் போன பிறகு மனம் விட்டுப் பேச எனக்கு நீ ஒருவன்தான். அதனால் எழுதக் கற்றுக்கொண்டேன்.

இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. சேர்த்துச் சேர்த்து எழுதாதே.

உன் பாவா,
கண்ணையன்


குந்தக்கல்
20.2.2025

மதிப்புக்குரிய பாவாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். தடி ஊன்றித் தெருமுனை வரை போகிறேன். ரயில் ஏற இன்னும் டாக்டர் விடவில்லை.

உங்கள் கடிதத்தை யுவஸ்ரீ எடுத்து வந்து கொடுத்தாள். யார் கையெழுத்து என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே "நானே எழுதுகிறேன்" என்று இருந்ததைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. "இன்னாச்சி தாத்தா?" என்று கேட்டாள். "எங்க பாவா பாஸ் ஆயிட்டார்" என்று சொன்னேன்.

அக்கா இருந்திருந்தால் தெருவுக்கே சர்க்கரை கொடுத்திருக்கும்.

இங்கே கடைத்தெருவில் போன வாரம் ஒரு வீடு எரிந்துபோனது. வாடகைக்கு விட்ட வீடு. சொந்தக்காரர் இன்ஷூரன்ஸ் போடவில்லை. தெருவில் நிற்கிறார். உடனே நம் வீடுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் முன்னறையைக் கடைக்கு விட்டிருக்கிறீர்கள், நடுப் பகுதியில் ஒரு குடும்பம் இருக்கிறது. வாடகை ஒன்றுதான் உங்களுக்குப் பிழைப்பு. நல்ல கம்பெனியாகப் பார்த்து, உங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இன்ஷூரன்ஸ் போடுங்கள்.

அடிக்கடி எழுதுங்கள்.

பணிவுடன்,
தேசப்பன்


திருத்தணி
16.3.2025

அன்பு மச்சானுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயில் மட்டும் இப்போதே மலைப்படிகளில் கால் வைக்க விடவில்லை. நீ தடி இல்லாமல் நடக்க முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ சொன்னபடி இன்ஷூரன்ஸ் தேடினேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரேம்குமார் என்று ஒரு ஏஜெண்ட் இருக்கிறான். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தான். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றான். மூன்றாவது பகுதியில் நானே இருப்பதால் எனக்கு வருவது இரண்டு பேர் வாடகைதான். கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை அவனுக்கே போய்விடும்.

"ஏம்பா இவ்ளோ?" என்று கேட்டேன்.

"அறுபது லட்சத்துக்குப் போடறேன் நைனா. பொய்கைக்குப் போற ரோட்டுல மனையே நாப்பது லட்சம் போவுதே."

"மனைக்கு எதுக்குப்பா இன்ஷூரன்ஸு? நெருப்பு புடிச்சா மண்ணு எரிஞ்சிடுமா?"

நான் பாரத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். டீ ஆறிவிட்டது. "கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவு" என்றுதான் அதில் கேட்டிருந்தது. இந்தக் கணக்கு கொத்தனாருக்குத் தெரியாதா? ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடி, கட்டுவதற்கு இன்றைக்குச் செங்கல், சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம். நம் வீடு ஒன்பது சதுரம். பதினெட்டு லட்சம்தான். ஒவ்வொரு கல்லையும் நான் வைத்தேன், எனக்குத் தெரியாதா?

அடுத்தது கற்பூரம். முன்னறையில் பாஞ்சாலி பூஜை சாமான் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். உள்ளே மூட்டை மூட்டையாகக் கற்பூரம். பாரத்தில் அதை எழுதப் போனேன்.

"ஆங், ஆங், அத்த எழுதாத நைனா. எழுதினா ரேட்டு ஏறும்."

"எழுதாம வுட்டு, தீ புடிச்சா?"

"அப்போ பாத்துக்கலாம்."

பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட எழுத்து. முதல் பாரத்திலேயே பொய் எழுத மனம் வரவில்லை.

வேறு வழி இருந்தால் எழுது.

உன் பாவா,
கண்ணையன்


குந்தக்கல்
2.4.2025

பாவாவுக்கு வணக்கம்.

முருகன் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்குள் தடி இல்லாமல் நடக்கிறேன்.

"மண்ணு எரிஞ்சிடுமா" என்று நீங்கள் கேட்டதைப் படித்து வீடே சிரித்தது. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் பாரம் பாரமாகப் பூர்த்தி செய்தவன் நான். எனக்கு இது தோன்றவில்லை.

அரக்கோணத்தில் அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளை ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் அங்கேதான் போட்டார்கள். நேராகப் போங்கள், நடுவில் ஆள் வேண்டாம். கடை, கற்பூரம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். எதையும் மறைத்தால் பின்னால் கஷ்டம்.

பணிவுடன்,
தேசப்பன்


திருத்தணி
4.5.2025

அன்பு மச்சானுக்கு,

நீ தடியை விட்ட செய்தி கேட்டு மலை ஏறி ஒரு தேங்காய் உடைத்தேன். மூச்சு வாங்கியது, மற்றபடி நலம். யுவஸ்ரீ பரீட்சை எழுதிவிட்டாளா?

உனக்குப் பெரிய நன்றி. அரக்கோணம் போனேன். அங்கே கவிப்பிரியா என்று ஒரு மேடம். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பாரத்தை நானே நிரப்பும் வரை காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு முறை கூட அவசரப்படுத்தவில்லை.

கடை அறையைத் தனியாகவும், குடியிருக்கிற பகுதிகளைத் தனியாகவும் எழுதச் சொன்னார். குடியிருப்பவர்களின் சாமான் அவரவர் பொறுப்பு, நமக்குக் கட்டடம் மட்டும் போதும் என்றார். கடைசியில் எவ்வளவு வந்தது தெரியுமா? வருடத்துக்கு ஆயிரத்து எழுநூறு சொச்சம். இரண்டு முறை கூட்டச் சொன்னேன். அதேதான் வந்தது.

ஒரே நிபந்தனை. கடையில் கற்பூரம் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அதுவும் மூடி போட்ட தகர டப்பாவில் இருக்க வேண்டும். பாஞ்சாலியிடம் சொன்னேன். சண்டைக்கு வந்துவிட்டாள்.

"கற்பூரம் இல்லாம முருகன் கோயிலாண்ட இன்னா விக்கறது நைனா? கடலைமுட்டாயா?"

"பத்துக் கிலோ வெச்சிக்கயேன். தீந்தா மறுபடி எடுத்துகினு வா."

"ஆட்டோ கூலி நீ குடுப்பியா?"

நடுப் பகுதியில் குடியிருக்கிற வீராசாமி ஆட்டோ ஓட்டுகிறவன்தானே. கே.ஜி.கண்டிகையில் இருந்து வரும்போது கற்பூரத்தையும் வண்டியில் போட்டு வருவதாக அவன் ஒத்துக்கொண்டான். அவளும் அடங்கினாள்.

இப்போது ஒரு சின்ன சிக்கல். வரி ரசீதைக் காட்டினேன்.

"இது யார் தாத்தா, ரஞ்சிதம்?" என்று மேடம் கேட்டார்.

"எங்க வூட்ல மேடம். போயி ஆறு வருசம் ஆச்சி."

"வீடு அவங்க பேர்லயா?"

"இல்ல மேடம், என் பேர்லதான். ரிஜிஸ்ட்ராபீஸ்ல நானே ரேகை வெச்சேன். முனிசிபாலிட்டில தப்பா போட்டுட்டாங்க."

"அப்போ பத்திர நகல் கொண்டுவாங்க. பேர் சரியா இல்லன்னா நாளைக்கு ஏதாவது ஆனா ஒரு பைசா வராது."

இத்தனை வருடம் வரி கட்டினேன், ரசீதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நகராட்சியில் பெயர் திருத்தவும் பத்திரம் வேண்டுமாம். பத்திரம் உன்னிடம்தானே இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பு.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தப்பு என்று தெரிந்தும் அந்த ரசீதை நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயரை அச்சில் நான் படிப்பது இதுதான் முதல் முறை.

உன் பாவா,
கண்ணையன்


குந்தக்கல்
18.6.2025

பாவாவுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வெயில் அதிகம். யுவஸ்ரீ நல்ல மார்க் வாங்கினாள். மாம்பழம் இந்த வருடம் நிறைய வந்திருக்கிறது. முழங்கால் பரவாயில்லை.

கவிப்பிரியா மேடம் நல்லவராகத் தெரிகிறார். இருந்தாலும் அரசு கம்பெனி என்றால் ஒவ்வொன்றுக்கும் காகிதம் கேட்பார்கள். பிரேம்குமார் அவ்வளவு கேட்க மாட்டான் அல்லவா? கொஞ்சம் கூட ஆனாலும் அவனிடமே போட்டுவிடலாமே. வரி ரசீதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு பெயரில் என்ன இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
தேசப்பன்


திருத்தணி
26.6.2025

அன்பு மச்சானுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. யுவஸ்ரீக்கு என் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பத்திரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு தாள் உறைக்குள் வைக்க மறந்துவிட்டாயா?

நீயே எதையும் மறைக்க வேண்டாம் என்று எழுதினாய். இப்போது பிரேம்குமாரிடம் போகச் சொல்கிறாய். காய்ச்சலில் எழுதினாயோ என்று கவலைப்பட்டேன்.

ஆடிக் கிருத்திகை வருகிறது. லட்சம் பேர் வருவார்கள். பாஞ்சாலி சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள், ஆனால் காவடி எடுத்து வருகிறவர்கள் நம் வாசலிலேயே கற்பூரம் ஏற்றுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதற்குள் இன்ஷூரன்ஸ் போட்டுவிட வேண்டும்.

வீட்டில் வைத்தால் கரையான் அரிக்கும் என்று சொல்லித்தான் 97-ல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாய். உன் இரும்பு பீரோவில் பார்.

உன் பாவா,
கண்ணையன்


குந்தக்கல்
7.7.2025

பாவாவுக்கு,

உங்கள் உடல்நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரம் இதனுடன் இருக்கிறது. நீங்களே படியுங்கள். வேறு யாரையும் படிக்கச் சொல்ல வேண்டாம்.

படித்த பிறகு என்னைத் திட்டுவதாக இருந்தாலும் எழுத்தில் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தேசப்பன்


குந்தக்கல்
24.8.2025

மதிப்புக்குரிய பாவாவுக்கு,

வணக்கம். ஏழு வாரம் ஆகிறது. தபால்காரர் தெருவில் வந்தால் யுவஸ்ரீ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், இல்லை என்று.

மணவூரில் உங்கள் மகள் கல்பனாவுக்கு யுவஸ்ரீயைப் போன் செய்யச் சொன்னேன். "நைனா நல்லா கீறாரு. சாப்புடறாரு. பேச்சுதான் கம்மி" என்றாளாம். படித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

நானே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

பள்ளிப்பட்டில் எங்கள் நிலத்தை விற்றபோது அக்கா பங்குக்கு வந்த பணத்தில்தான் அந்த மனை வாங்கியது. அது உங்களுக்கும் தெரியும். உங்கள் பெயரில் எழுதுவதாகத்தான் பேச்சு. ரிஜிஸ்ட்ராபீஸ் போவதற்கு முன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"தேசப்பா, உங்க பாவா நல்லவருதான். சாயங்காலம் ஆறு மணி வரிக்கும் நல்லவரு. அதுக்கு மேல கடைக்குப் போயிட்டா அவரு கையில எது இருந்தாலும் போயிடும். போன மாசம் கரண்டி, ரசமட்டம்னு கொத்து வேலை சாமான் எல்லாத்தையும் வித்துட்டாரு. மனைய என் பேர்ல எழுது. அவருக்குச் சொல்லாத, ரோசக்காரரு."

நான் அப்படியே எழுதச் சொன்னேன். உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று உங்கள் ரேகையைச் சாட்சி போடும் இடத்தில் வாங்கினேன். "இங்க வைங்க பாவா" என்று உங்கள் கட்டைவிரலைப் பிடித்து வைத்தது நான்தான். கரையான் என்று சொன்னதும் பொய்.

நீங்கள் குடியை விட்ட பிறகு சொல்லிவிடலாம் என்று அக்காவிடம் இரண்டு முறை கேட்டேன். "என் வூடுன்னு சொல்லிகினு சந்தோசமா கீறாரு, கெடுக்காத" என்றது. அக்கா போன பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்ஷூரன்ஸ் போடச் சொன்ன அன்று இது என் நினைவிலேயே இல்லை. உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை ஏமாற்றினேன். அது அக்காவுக்காக என்றாலும் ஏமாற்றியதுதான். மன்னியுங்கள்.

தேசப்பன்


திருத்தணி
21.9.2025

அன்பு மச்சான் தேசப்பனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருக்க மாட்டாய் என்று தெரியும். இதைப் படித்ததும் சுகமாகிவிடு.

கை வலி, அதனால் எழுதவில்லை என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உன் மேல் கோபம், அதனால்தான் எழுதவில்லை.

பத்திரத்தைப் படிக்க நாலு நாள் ஆனது. அது என்ன தமிழ்! சுதா டீச்சர் சொல்லித் தராத வார்த்தைகள். "கிரயம் பெறுபவர்" என்ற இடத்துக்கு முதல் நாளே வந்துவிட்டேன். கண்ணையன் மனைவி ரஞ்சிதம் என்று இருந்தது. தப்பாகப் படித்துவிட்டேன் என்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன். கடைசிப் பக்கத்தில் சாட்சிகளில் என் ரேகை. பக்கத்தில் என் பெயர்.

ஊரெல்லாம் என் வீடு என் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாஞ்சாலியிடமும் வீராசாமியிடமும் வாடகையில் நூறு ரூபாய் குறைந்தால் கூட சத்தம் போடுவேன். ஆறு வருடமாக இந்த வீட்டில் வாடகையே கொடுக்காமல் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

உன் மேல் கோபம், அவள் மேலும் கோபம். அவள் போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டு நாள்தான். அப்புறம் சுவர்தான் என்னைப் பார்ப்பது போல இருந்தது, திருப்பிவிட்டேன்.

அதற்குள் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் இல்லை. மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு, ஆறு குடம் தண்ணீரும் ஒரு மூட்டை மணலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காவடிக்காரர்கள் கற்பூரம் ஏற்றினால் அணையும் வரை பக்கத்தில் போய் நிற்பேன்.

"இன்னா நைனா, வாட்ச்மேன் வேலைக்கு சேந்துட்டியா?" என்று வீராசாமி கேட்டான்.

"ஆங். ஓனரு வெளியூரு போயிருக்காங்க" என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. ஆறு மணி வரை நல்லவர் என்று அவள் சொன்னதைப் படித்தேன். அவள் குரல் அப்படியே கேட்டது. அப்போதுதான் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. உனக்கு இது தெரியாது.

2003-ல் ஒரு நாள் குடித்துவிட்டு, லாட்ஜ் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த பரசுராமனிடம் போய் வீட்டை விற்கிறேன் என்று சொன்னேன். விலை பேசி முடித்தோம். இரண்டு நாள் கழித்து அவனே வந்து, "இடத்துல தோஷம் கீது, எனக்கு வாணாம்" என்று போய்விட்டான். என் இடத்தைத் தோஷம் என்று சொல்லிவிட்டானே என்று இத்தனை வருடமாக அவனைக் கண்ட இடத்தில் திட்டுவேன். அவன் பெண் கல்யாணத்துக்குக் கூடப் போகவில்லை.

போன வாரம் அவன் லாட்ஜுக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான், திட்ட வந்தேன் என்று.

"பரசுராமா, அன்னிக்கி வில்லங்கம் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரு பேரு இருந்திச்சி?"

கல்லாவை மூடினான். "உங்க வூட்டம்மா பேரு. அவங்களையே போயிக் கேட்டேன். 'அண்ணே, அவருக்குத் தெரிய வாணாம்'னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் இன்னா பண்றது? தோஷம்னு சொல்லிட்டேன்."

"இருவது வருசமா திட்னேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"திட்டறதுக்கு நீ எங்க காசு கேட்ட? சும்மாதானே திட்டிகினு இருந்த."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட வைத்து அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து சுவர்களைப் பார்த்தேன். எல்லாம் நான் வைத்த கல். என் பெயரில் இருந்திருந்தால் 2003-லேயே இடித்து லாட்ஜ் ஆக்கியிருப்பார்கள். அந்தப் பணத்தையும் ஒரு வருடத்தில் குடித்து முடித்திருப்பேன். கவிப்பிரியா மேடம் கேட்டால் சொல்வேன், இந்த வீட்டுக்கு 97-லேயே இன்ஷூரன்ஸ் போட்டாகிவிட்டது என்று. அவளும் நீயும் போட்டது.

ஒரே ஒரு வருத்தம். அவள் இருக்கும்போதே தெரிந்திருந்தால் நேரில் நன்றி சொல்லியிருப்பேன். ரோசக்காரன்தான், ஆனாலும் சொல்லியிருப்பேன். இப்போது அவளுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து உனக்கே எழுதுகிறேன். நன்றி மச்சான். மன்னிப்பு என்ற பேச்சு வேண்டாம்.

நகராட்சிக்காரர்கள் தப்பு செய்யவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. கல்பனா மணவூரில் இருந்து வந்தாள். தாலுகா ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வந்ததும் பாலிசி போடலாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

இதை எழுத ஒன்பது நாள் ஆனது.

உன் பாவா,
கண்ணையன்


குந்தக்கல்
5.10.2025

என் பாவாவுக்கு,

நான் சுகமாகிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே.

தபால் வந்ததும் பிரிக்கப் பயமாக இருந்தது. யுவஸ்ரீயைப் பிரித்து முதல் வரியை மட்டும் காதருகில் கத்திப் படிக்கச் சொன்னேன். "அன்பு மச்சான்னு இருக்குது தாத்தா" என்று கத்தினாள். மீதியை நானே படித்தேன்.

பரசுராமனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இனி அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போங்கள்.

தை மாதம் ரயில் ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வரட்டுமா?

தேசப்பன்


திருத்தணி
14.12.2025

அன்பு மச்சானுக்கு,

குளிர் அதிகம், சால்வை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை. தை மாதம் வரட்டுமா என்று கேட்டாயே, அதை மட்டும் நான் படிக்கவில்லை. கேட்காமல் வா. அக்கா வீட்டுக்கு வருகிறவன் என்னைக் கேட்கலாமா?

வாரிசு சான்றிதழ் போன மாதம் கிடைத்தது. அடுத்த நாளே கல்பனாவும் நானும் அரக்கோணம் போனோம். சொந்தக்காரர் என்ற இடத்தில், காலம் சென்ற ரஞ்சிதத்தின் வாரிசுகள் என்று எழுதி, என் பெயரையும் கல்பனா பெயரையும் நானே எழுதினேன். கடை, கற்பூரம், தகர டப்பா எல்லாம் எழுதினேன். மேடம் சொன்ன அதே ஆயிரத்து எழுநூறு சொச்சம். ஒரு பைசா கூடவில்லை. வீடு இப்போது பத்திரமாக இருக்கிறது.

பாலிசி வந்ததும் வாசலில் நின்று தெருவுக்கே படித்துக் காட்டலாம் என்று இருந்தேன். பாஞ்சாலி, வீராசாமி, அவன் மனைவி எல்லோரும் கூடிவிட்டார்கள். உறையைப் பிரித்தேன். ஆறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ்! கதவு எண்ணும் பதினெட்டு லட்சமும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"படி நைனா, படி" என்று பாஞ்சாலி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் எடுத்துக்கொண்டு அரக்கோணம் போனேன். மேடம் வருத்தப்பட்டார். "எழுதிக் கொடுங்க தாத்தா, தமிழ்ல வரவழைச்சித் தரேன். நீங்களே படிச்சுக்கலாம்" என்று வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். பேனாவைத் திறந்தேன். அப்புறம் மூடிக் கொடுத்துவிட்டேன்.

"வாணாம் மேடம். எங்க மச்சான் கீறான். அவன் படிச்சி சொல்லுவான்."

ஆறு பக்கமும் நகல் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை, கண் வலிக்காமல் பார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது. நீ எழுதுவதுதான் அதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் பாவா,
கண்ணையன்